புதிய பதிப்பில் நழுவிய வேட்டி

நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட சண்டையை நான் ஓரமாக உட்கார்ந்து முறுக்கு தின்றபடி ரசித்தேன். அனிமேஷன் மென்பொருளின் புதிய பதிப்பு வந்த அன்றே ஏற்றிவிடுவதா, ஆறு மாதம் பொறுப்பதா என்பதுதான் சண்டை. கடைசியில் இரண்டு கட்சியும் என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க சொல்லுங்க" என்றது. நான் தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன். நாம் கூடுகிற குடோனின் சொந்தக்காரர், விசேஷங்களுக்கு எல்இடி திரை கட்டுகிற சேகர், அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அவர் "வேட்டி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். என் மானம் போயிருக்கும்.

அவர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். அவர் சொன்னால் கை கால் வைத்துச் சொல்வார்.

நான் சென்னையில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் இருபத்தேழு வருடம் இருந்துவிட்டு உத்திரமேரூருக்கு வந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே என் வேலை துணி. திரையில் நடக்கும் ஆளின் உடம்பை வேறு யாராவது செய்வார்கள். அவர் போட்டிருக்கும் சட்டை எப்படிச் சுருங்கும், சேலை முந்தானை எப்படி ஆடும் என்பதை நான் பார்ப்பேன். வெளிநாட்டுக் கதாநாயகர்கள் முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு பறப்பார்களே ஒரு துணி, அதில் சிலது நான் பறக்கவிட்டது. அங்கே எங்கள் டீம் லீடர் அதிகம் பேசாத மனிதர். சேர்ந்த அன்றே என் கம்ப்யூட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். "வேலை முடியும்வரை மென்பொருளைத் தொடாதே" என்று அதில் எழுதியிருந்தது. நம் குழுவின் முதல் விதியாக நீங்கள் படித்துவிட்டு 'சம்மதம்' போட்டீர்களே, அது அவருடையதுதான். அதை மீறிய ஒரே ஆள் இதுவரை நான்தான்.

விஷயம் கீதாவின் கல்யாணத்தில் தொடங்கியது. கீதா நம்ம ஊருக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா ஏழுமலை, நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்தவர். மாரடைப்பில் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது கீதா என் வீட்டுக்கு வந்து, காப்பியைக்கூடத் தொடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா மேடை ஏற மாட்டேன்னு சொல்லிட்ச்சிக்கா. நான் ஏறக்கூடாதும்மா, நீ சந்தோசமா இரு, நான் பின்னாடி சேர்ல குந்திக்கிறேன்னு சொல்லுது. எவ்ளோ சண்டை போட்டும் கேக்கல. நான் ஒண்டியா ஏற மாட்டேன், அவுரு இருந்தா ஏறுவேன்னுச்சி. சரி, நைனாவக் கூப்ட்டுக்கினு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவள் கேட்டது இதுதான். வரவேற்பு மேடையில் பின்னால் பெரிய எல்இடி திரை இருக்கும். அதில் ஏழுமலை ஆள் உயரத்துக்கு நடந்து வர வேண்டும். வந்து, மகளையும் மருமகனையும் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். பக்கத்தில் அம்மாவை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடலாம். அம்மாவிடம் எதுவும் சொல்லக்கூடாது.

நான் ஒப்புக்கொண்டேன். இந்தப் பெண் எவ்வளவு பெரிய காரியத்தை எவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டாள்! அதோடு, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஓய்வு பெற்றபின் என் கை சும்மா அரித்துக்கொண்டிருந்தது.

முகத்துக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. கீதா கொடுத்தது உறவினர் வீட்டு விசேஷ வீடியோக்கள் எட்டு. எல்லாவற்றிலும் ஏழுமலை சாம்பார் வாளியோடு பந்தியில் குறுக்கே போகிறார். கேமராக்காரர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அவரை இடுப்புக்கு மேலேதான் எடுத்திருந்தார்கள். நடை தெரியவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை நான். கையில் ரெடியாக வைத்திருக்கும் நடைகளில் 'நடுத்தர வயது ஆண், நிதானம்' என்று ஒன்று உண்டு. அதை எடுத்து மாட்டிவிட்டேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

வேட்டிக்குள் என்ன என்று கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாததை நாங்கள் செய்ய மாட்டோம், கம்ப்யூட்டருக்கு வீண் சுமை. இடுப்பு வரை உடம்பு இருக்கும், கணுக்காலுக்குக் கீழே இரண்டு பாதம் இருக்கும். நடுவில் இருப்பது வேட்டி மட்டுமே.

வரவேற்பு அன்று காலை. எல்லாம் முடிந்திருந்தது. துணியின் அசைவைக் கடைசியாக ஒருமுறை கணக்கிடச் சொல்லிவிட்டு, திரையில் ஓட்டுவதற்கான படங்களாக எடுத்து, மண்டபத்தில் திரை கட்டிக்கொண்டிருந்த சேகரிடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நம் வாட்ஸ்அப் குழுவில் சேகர், "புதிய பதிப்பெல்லாம் பந்தா. பழையதே போதும்" என்று போட்டார். கூடவே ஒரு கட்டைவிரல். துணி விஷயத்தில் புதிய பதிப்பு மூன்று மடங்கு வேகம் என்று நான் படித்திருந்தேன். துணியைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுப்பதா? "இன்னைக்கே காட்டுறேன்" என்று பதில் போட்டுவிட்டு, இருபத்தேழு வருட அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, புதிய பதிப்பை ஏற்றும் பொத்தானை அழுத்தினேன். ஃபைலைத் திறந்தேன். சேமித்தேன். கணக்கிடச் சொல்லிவிட்டு நாஷ்டா சாப்பிடப் போனேன்.

வேகம் மூன்று மடங்கு என்றது பொய்யில்லை. மூன்றாவது இட்லிக்குள் முடிந்துவிட்டது.

ஏழுமலை திரையின் ஓரத்திலிருந்து வந்தார். நல்ல முகம், லேசான சிரிப்பு. முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் வேட்டி அப்படியே தரையில் இறங்கி நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. சட்டை போட்ட உடம்பு அந்தரத்தில் மிதந்து வருகிறது. கீழே இரண்டு பாதங்கள் தனியாக, மெதுவாக, மரியாதையாக நடந்து வருகின்றன. நடுவில் காற்று. அப்படியே வந்து இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் செய்தார்.

நாலாவது இட்லியை நான் தொடவில்லை. பேய்க்குக் கால் கிடையாது என்று தெரியாத குழந்தை நம் பக்கத்தில் உண்டா? செத்துப்போன மனிதர், கல்யாண மண்டபம், ஐந்நூறு பேர், கால் இல்லை.

என்ன நடந்தது என்றால், வேட்டியின் எந்த இடம் இடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும் என்று பழைய பதிப்பில் ஒரு பட்டை போல வரைந்து வைத்திருந்தேன். புதிய பதிப்பு அதைப் படிக்கவே இல்லை. பழையதை மறுபடி ஏற்றிப் பார்த்தேன். புதியதில் சேமித்த ஃபைல் அதில் திறந்தது, ஆனால் துணி மொத்தமும் கல் மாதிரி விறைத்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்கு முந்திய நகல் ஒன்று இருந்தது. அதில் அவருக்கு முகம் பாதிதான் வந்திருந்தது. புதியதிலேயே இடுப்பில் பட்டையை மறுபடி வரைந்தேன். நான்காவது அடியில் நழுவியது. இறுக்கி வரைந்தேன். ஏழாவது அடியில் நழுவியது. ஏழாவது அடி சரியாக மணமக்களுக்கு எதிரே.

பதினோரு மணிக்கு சேகர் போன் செய்தார். "இன்னா மேடம், காட்டுறேன்னீங்க, ஒண்ணியும் காணோம்?"

ஒளிக்காமல் சொன்னேன். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"பேஜாராப் பூடுச்சா," என்றார் பிறகு. "பேன்ட் போட்டு உட்ருங்க மேடம். பேன்ட் எங்க போவப்போவுது?"

"இல்லன்னா?"

"இடுப்புக்கு மேல மட்டும் காட்டுங்க. கீய நான் ரோஜாப் பூ டிசைன் போட்டு மறைச்சிடறேன். சோக்கா இருக்கும்."

ரோஜாப் பூவுக்கு மேலே பாதி ஏழுமலை. அது மாலை போட்ட போட்டோ. அந்த மாதிரி போட்டோ கீதாவின் அம்மா சரோஜாம்மா வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே ஒன்று மாட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னால் அவர் மேடைப் பக்கம் தலையே வைக்க மாட்டார். முழு ஆளாக, கால் தரையில் படும்படி ஏழுமலை நின்றால்தான் கீதாவின் கணக்கு நடக்கும். ஆக, பேன்ட்.

படங்களாக எடுக்க மூன்று மணி நேரம் வேண்டும். வரவேற்பு ஏழு மணிக்கு. ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம் இருந்தது. கம்பெனியில் நாங்கள் ஒருபோதும் வாடிக்கையாளரிடம் உடைந்துபோன வேலையைக் காட்டியதில்லை. 'அழகியல் காரணங்களுக்காக மாற்றியிருக்கிறோம்' என்று ஒரு மெயில் போட்டால் முடிந்தது. அதே மெயிலை நேரில் சொல்வது என்று முடிவு செய்து மண்டபத்துக்குக் கிளம்பினேன்.

மணமகள் அறையில் கீதா, வரவேற்புக்கு முன்னால் எடுக்கும் போட்டோக்களுக்காக, பட்டுப்புடவையோடு கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். பியூட்டிஷியன் ஒரு கண்ணுக்கு மை தீட்டி முடித்து அடுத்த கண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "கீதா, யோசிச்சுப் பார்த்தேன். ரிசப்ஷனுக்கு அப்பா பேன்ட் சட்டையில வந்தா எடுப்பா இருக்கும்."

கீதா கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். "நைனாவுக்கு பேன்ட்டா? அவுரு கல்யாணத்துக்கே போட்லக்கா. இன்னா ஆச்சி, சொல்லு."

ஒற்றைக் கண்ணில் மை, இன்னொரு கண் வெறுமனே. அந்தப் பார்வைக்கு முன்னால் என் அழகியல் காரணம் ஒன்றும் நிற்கவில்லை. போனை எடுத்து, "முதல்ல மன்னிச்சுக்கோ" என்று சொல்லி, காலில்லாத வீடியோவைக் காட்டினேன். ஒரு பெண்ணுக்கு, அவள் கல்யாண நாளிலேயே, செத்துப்போன அப்பாவை இப்படி ஒரு கோலத்தில் காட்டியிருக்கிறேன். திட்டட்டும், போனைத் தூக்கி அடிக்கட்டும் என்று நின்றேன்.

அவள் முழுதாகப் பார்த்தாள். இன்னொரு முறை ஓடவிட்டாள். வேட்டி இறங்கும் இடத்தில் நிறுத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பியூட்டிஷியன் டிஷ்யூவை எடுத்தார். அது சிரிப்பு. மூச்சு வாங்கச் சிரித்தாள். தீட்டியிருந்த கண்ணிலிருந்து மை கன்னம் வரை இறங்கியது. பியூட்டிஷியன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"இதேதான்க்கா," என்றாள் கீதா. "நைனாவுக்கு இடுப்பே கெடயாது. பெல்ட் போட்டாலும் வேட்டி எறங்கிடும். ஒரு கை எப்பவும் வேட்டியிலதான் இருக்கும். வாளி தூக்கினாக்கூட ஒரு கையிலதான் தூக்குவாரு. அம்மா தெனமும் கத்தும், புடிச்சிக்கினு நடய்யா, மானம் போவுதுன்னு. உனக்கு நான் சொல்லலியா?"

சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. முகத்தின் சுருக்கம் ஒவ்வொன்றையும் எண்ணிக் கேட்டவள், காது மடலில் இருந்த மச்சத்தைக் கேட்டவள், "அவர் எப்படிம்மா நடப்பார்?" என்று கேட்கவில்லை. இதை நீங்கள் எழுதி வைத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம். பதிப்பு எது வேண்டுமானாலும் ஏற்றுங்கள், இறக்குங்கள், குடோன் கூரை பறக்கச் சண்டை போடுங்கள். ஆளை மட்டும் அவர் வீட்டு மனிதர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"எந்தக் கை?" என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். பட்டுப்புடவைக் கொசுவத்தை இடது கையின் இரண்டு விரலால் வேட்டி நுனி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகை லேசாகப் பின்னால் சாய்த்து, அறையின் குறுக்கே நடந்தாள். திரும்பும்போது ஒரு கண நேரம் நின்று, பிடியை இறுக்கிக்கொண்டு, மறுபடி நடந்தாள். "திரும்பும்போதுதான்க்கா ரிஸ்க்கு," என்றாள் வெகு சீரியஸாக. நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பியூட்டிஷியன் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடினேன். வேட்டியின் நுனியை இடது கை விரல்களோடு கட்டினேன். கை இழுத்துப் பிடித்ததும் இடுப்பில் நழுவுவது நின்றது. 'நடுத்தர வயது ஆண், நிதானம்' குப்பைக்குப் போனது. கீதாவின் நடையை அடி அடியாகப் பார்த்து அவள் அப்பாவுக்கு மாற்றினேன். கவனித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஏழுமலை நடந்த நடை, பட்டுப்புடவை கட்டிய கல்யாணப் பெண்ணுடையது. இது எனக்கும் கீதாவுக்கும் பியூட்டிஷியனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக இருந்தது. இப்போது உங்களுக்கும் தெரியும்.

இரண்டு கையால் செய்ய வேண்டிய ஆசீர்வாதம் ஒரு கையால் என்று ஆனது. வலது கை மேலே போகும்போது இடுப்பில் வேட்டி ஒரு விரற்கடை இறங்கியது. பார்த்துவிட்டேன். சரிசெய்ய நேரமில்லை. ஆறரை மணிக்கு பென் டிரைவை சேகர் கையில் கொடுத்துவிட்டு, "ஆசீர்வாதம் வரைக்கும் வேட்டி நிக்கும், அதுக்கப்புறம் கீழே விழுந்தா நான் பொறுப்பில்ல" என்றேன். பகலெல்லாம் கிண்டல் செய்த ஆள், பென் டிரைவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஏழேகாலுக்கு மணமக்கள் மேடையில் நின்றார்கள். சரோஜாம்மா சொன்னபடியே கடைசி வரிசையில், பந்திக்குப் போகும் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாராவது முன்னால் கூப்பிட்டால், "இங்கயே காத்து வருது" என்றார். நான் அவருக்கு நாலு நாற்காலி தள்ளி நின்றுகொண்டேன்.

பாட்டு நின்றது. திரை வெள்ளையானது. ஓரத்திலிருந்து ஏழுமலை வந்தார்.

முதல் அடி, இரண்டாவது அடி. நான் முகத்தைப் பார்க்கவில்லை, வேட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அடி. நின்றது. ஏழாவது அடி. நின்றது. மணமக்கள் பக்கம் திரும்பினார். ஒரு கண நேரம் நின்று, பிடியை இறுக்கினார். கூட்டத்தில் எங்கோ ஒரு பெரியவர் "அடப்பாவி, ஏழுமலைடா" என்று முணுமுணுத்தார். வலது கை மெதுவாக மேலே போனது. வேட்டி ஒரு விரற்கடை இறங்கியது.

"யோவ், புடி."

கடைசி வரிசையிலிருந்து வந்தது குரல். சரோஜாம்மா எழுந்து நின்றிருந்தார்.

"புடிய்யா. உட்றாத. அத்தினி பேரும் பாக்கறாங்க."

சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். நாற்காலிகளுக்கு நடுவே இருந்த பாதையில் வேகமாக, கையை நீட்டித் திட்டிக்கொண்டு போனார். "ஒரு வாட்டியாவது சொன்னதக் கேட்டுக்கிறியா நீ? பொண்ணு கல்யாணத்துலயும் இதே கத." யாரோ சிரித்தார்கள். அப்புறம் மண்டபமே சிரித்தது, பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர் எதையும் காதில் வாங்கவில்லை. மேடைப் படிகளில் தட்டுத் தடுமாறி ஏறி, திரைக்கு முன்னால் போய் நின்றபிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கீதா அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் யாரும் சொல்லாமலே எடுத்தார்.

அந்த வீடியோ மொத்தம் இருபத்திரண்டு விநாடி. முடிந்ததும் மணமக்கள் பெயர் வர வேண்டும் என்று ஏற்பாடு. வரவில்லை. சேகர் கடைசிப் படத்தை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார். வரிசையில் வந்தவர்கள் எல்லாரும் மணமக்களோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, நாலு அடி தள்ளி ஏழுமலையோடும் சரோஜாம்மாவோடும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை மணி நேரம் அவர் ஒரு கையைத் தூக்கி, ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி நின்றார். அந்தம்மாவும் கூடவே நின்றார்.

கூட்டம் குறைந்ததும் சொந்தக்காரப் பெண்கள் சரோஜாம்மாவைச் சாப்பிட அழைத்தார்கள். படிவரை போனவர் திரும்பித் திரையைப் பார்த்து, வீட்டில் சொல்கிற அதே குரலில், "வா, சாப்டலாம்" என்றார். சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நானும் சேகரும் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தோம். சேகர் விரல் திரையை அணைக்கும் பொத்தானின் மேல் இருந்தது. அந்தம்மா பந்திக்குள் போய், இலை முன்னால் உட்கார்ந்து, பக்கத்து இலையில் யாரையும் உட்கார விடாமல் கையை வைத்துக்கொண்டதை, திறந்திருந்த கதவு வழியே அங்கிருந்தே பார்த்தோம். அதற்கப்புறம்தான் சேகர் திரையை அணைத்தார்.